ஐப்பசிக் காலையில் உள்ளான்களை எண்ணுவது எப்படி?

கோடியக்கரைச் சதுப்பின் வரப்பில் அக்டோபர் மாதத்துக் காலை ஆறேகால் மணிக்கு நின்று பார்த்தால், சேற்றின் மேல் யாரோ மிளகையும் கடுகையும் அள்ளி இறைத்தது போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த மிளகும் கடுகும் நகரத் தொடங்கும். அத்தனையும் பறவை, பெரும்பாலும் உள்ளான் என்கிற கரையோரச் சிறுபறவை. முதல்முறை வருகிறவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: இதை எப்படி எண்ணுவது?

எண்ணலாம். நெல்லை யாரும் மணிமணியாக எண்ணுவதில்லை, மரக்காலால் அளக்கிறோம். இதுவும் அந்த மாதிரி வேலைதான். ஒரு வித்தியாசம், இங்கே மரக்காலை நாமே கண்ணால் செய்துகொள்ள வேண்டும். இடத்துக்கு இடம் அதைத் திருத்திக்கொண்டும் போக வேண்டும். அதைப் பழகுவதற்கு முன்னால், எதை எண்ணப்போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலான கணக்குகள் கெடுவது அங்கேதான்.

இருப்பும் வரத்தும்

நாளிதழில் மேட்டூர் அணைச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி., நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பறவைக் கணக்கிலும் இந்த இரண்டும் உண்டு. சதுப்பில் இந்த நேரத்தில் நிற்கும் பறவைகள் எத்தனை என்பது இருப்பு. கடற்கரையில் ஓரிடத்தில் நின்று, ஒரு மணி நேரத்தில் நம்மைக் கடந்து தெற்கே போனவை எத்தனை என்பது வரத்து. உள்ளான், பூநாரை, வாத்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இருப்புக் கணக்கு. தகைவிலான், பஞ்சுருட்டான் போல ஓயாமல் பறந்துகொண்டே போகிறவற்றுக்கு வரத்துக் கணக்கு. ஒரே குறிப்பேட்டில் இரண்டையும் எழுதலாம், ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது.

அணை உவமை இன்னொரு விதத்திலும் உதவும். வருகிற நீரும் திறந்துவிடுகிற நீரும் சமமாக இருந்தால் நீர்மட்டம் அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது நேற்றைய தண்ணீர் இல்லை. அக்டோபர் 5ஆம் தேதி 2,000 வளைமூக்கு உள்ளான், 20ஆம் தேதியும் 2,000 என்றால், அதே 2,000 பறவைகள் பதினைந்து நாளாக அங்கேயே இருந்தன என்று பொருள் இல்லை. சைபீரியாவின் வடகோடித் துந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மூத்த பறவைகள் ஆகஸ்டிலேயே இங்கே வரத் தொடங்கிவிடும். அந்த ஆண்டுப் பிறந்த இளசுகள் பின்னால் வரும். வந்தவற்றில் ஒரு பகுதி இங்கேயே பங்குனி, சித்திரை வரை தங்கும், மற்றது பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை 50 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆக, ஐப்பசியில் மதகும் திறந்திருக்கிறது, வரத்தும் இருக்கிறது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை 1987 முதல் ஜனவரியில் நடத்திவருவதற்கும் காரணம் இதுவே. அதற்குள் பறவைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் அடங்கிவிடுவதால் இருப்புக் கணக்கு நிலையாகக் கிடைக்கும். அக்டோபர் கணக்கு அப்படி நிலையாக இருக்காது. எது எப்போது வருகிறது, எப்போது உச்சம் தொடுகிறது என்று காட்டுவதுதான் அதன் பயன். ஒரு நாள் எண்ணிவிட்டு விட்டுவிட்டால் அதில் பாதிப் பயன் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, அதே இடத்தில் அதே நேரத்தில் எண்ண வேண்டும்.

இடம், நேரம், தண்ணீர்

கோடியக்கரை நிலப்படத்தில் ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கோடி என்றாலே முனைதான். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டைப் பக்கம் வரை வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நீண்டு கிடக்கிறது. 1967இல் வெளிமானை முன்னிட்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். உள்ளே போக வனத்துறை அனுமதி தேவை, உப்பள வரப்பில் நடக்க உப்பளத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முந்தின நாளே இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். விடிந்தபின் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால் நல்ல ஒளி போய்விடும்.

சதுப்பு மேற்கே விரிவது நமக்குப் பெரிய வசதி. காலையில் கிழக்கு முனையிலிருந்து மேற்கு நோக்கி நடந்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்த்திசையில் நடந்தால் எல்லாமே கரிய நிழலுருவம்தான். எண்ணலாம், இனம் பிரிக்க முடியாது. அக்டோபர் நடுவில் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முக்கியமான பகுதியை முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பும். ஸ்கோப்பில், அதாவது முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கியில், பார்த்தால் 300 மீட்டருக்கு அப்பால் உள்ள பறவையெல்லாம் கொதிக்கிற எண்ணெயில் கிடக்கும் வடகம் போல நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் கானலுக்கு மருந்து கிடையாது.

பிற நாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஓத நேரத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய ஓதம் உள்ள கடற்கரைகளில் நீர் ஏறும்போது பறவைகள் எல்லாம் ஒரு மேட்டில் கூடிவிடும், அப்போது எண்ணுவது சுலபம். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சதுப்பின் உள்ளே காற்றுதான் எஜமான். கணுக்கால் அளவே ஆழமுள்ள அகன்ற நீர்ப்பரப்பைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். மறுபக்கம் புதிதாக ஈரச்சேறு தெரியும், பறவைகள் அங்கே போய்விடும். நேற்று மாலை ஆயிரம் உள்ளான் நின்ற திட்டில் இன்று காலை ஒன்றும் இல்லையென்றால், முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். அடுத்து மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். ஒரு நல்ல மழை பெய்தாலே சதுப்பில் நீர் ஏறி, கொசு உள்ளானுக்கு ஆழம் அதிகமாகிவிடும். அதன் கால் இரண்டே சென்டிமீட்டர் சொச்சம். பறவைகள் உப்பளங்களுக்கும் ஓரங்களுக்கும் சிதறும். அந்த வாரத்துக் கணக்கு பாதியாகக் குறைந்தால் ‘பறவை குறைந்துவிட்டது’ என்று எழுதிவிடக் கூடாது. நீர் எவ்வளவு இருந்தது என்பதும் கணக்கில் ஒரு பகுதி.

கையில் என்ன வேண்டும்

8×42 அல்லது 10×42 பைனாகுலர் ஒன்று. குழுவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், ஆடாத டிரைபாட்டுடன். ஸ்கோப் 60 மடங்கு வரை பெரிதாக்கினாலும் எண்ணுவதற்கு 20, 25 மடங்கே நல்லது. பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வைப் பரப்பு சுருங்கி, எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடும் கவுண்டர் ஒன்று. கோயில் வாசலிலும் பேருந்திலும் ஆள் எண்ண வைத்திருப்பார்களே, அதுதான். பென்சில், கெட்டி அட்டைக் குறிப்பேடு. பேனா வேண்டாம், ஐப்பசித் தூறல் அதை விட்டுவைக்காது. குடிநீர், தொப்பி. வரப்பை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் முழங்கால் ஆழத்துக்குக் களி இருக்கும்.

எவ்வளவு அருகில் போகலாம் என்பதைப் பறவையே சொல்லும். இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்துகிறதா, அங்கேயே நில்லுங்கள். இன்னும் நாலடி வைத்தால் கூட்டம் எழும், அன்றைய கணக்கும் அதோடு எழுந்து போய்விடும்.

முதலில் ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும்

கடற்கரைக்காரர்களுக்குக் கரையோரம் ஓடும் சின்னப் பறவை எல்லாம் ‘உள்ளான்’. தொடக்கத்தில் அது போதும் என்றாலும், கூட்டத்தில் பெரும்பங்கு வகிக்கும் சிலவற்றையாவது பிரித்தறிய வேண்டும். சிட்டுக்குருவி அளவில், கறுத்த காலும் குட்டை அலகுமாக, தையல் எந்திர ஊசி போல விடாமல் கொத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். அதைவிடப் பெரிதாக, அலகு நுனி கீழ்நோக்கி வளைந்து, வயிறு நனையும் ஆழம் வரை இறங்கி நிற்பது வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது அதன் வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், கொசு உள்ளானுக்கு அந்த இடத்தில் நடுவே கறுப்புக் கோடு ஓடும். நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி வகை. ஆரஞ்சு கலந்த சிவப்புக் காலும், பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டையும் உள்ளது பவளக்காலி. கறுப்பு வெள்ளை உடம்பில் குச்சி போல நீண்ட இளஞ்சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான்.

உப்புக்கொத்திகளை இனம் இனமாகப் பிரிப்பதில் தொடக்கத்திலேயே இறங்க வேண்டாம். கென்டிஷ் உப்புக்கொத்தியோடு வெகுகாலம் ஒரே இனமாகக் கருதப்பட்டுவந்த, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இனப்பெருக்கம் செய்யும் ஹனுமான் உப்புக்கொத்தியை 2023இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். கைதேர்ந்தவர்களே தடுமாறும் இடம் அது. ‘சிறு உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை: 140’ என்று எழுதுவது முழுக்க நேர்மையான பதிவு. ஊகித்து ஏதோ ஒரு பெயரைப் போட்டால், பின்னால் அதைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

கண்ணால் செய்யும் மரக்கால்

முப்பது நாற்பது வரை உள்ள கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிடுங்கள். அதற்கு மேல் போனால் அளவை முறை.

கூட்டத்தின் ஒரு முனையில் சரியாகப் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவை அடுத்தடுத்து வைத்து 50 வரைக்கும், பிறகு 100 வரைக்கும் போங்கள். நூறு பறவை இவ்வளவு நீளம் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஸ்கோப்பின் வட்டத்தில் பாதி, அல்லது அந்த ஒற்றை உடைமரத்திலிருந்து இந்தக் கம்பம் வரை, இப்படி ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். இனி அந்த நூறுதான் மரக்கால். கூட்டத்தின் மேல் அதை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போங்கள், வைக்கும் ஒவ்வொரு முறையும் கவுண்டரை ஒரு அழுத்து. முடிவில் 23 என்று நின்றால் 2,300.

சொல்லும்போது சுலபம். தவறுவது எங்கே என்றால், கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக நிற்பதில்லை. ஓரத்தில் விலகி விலகி, நடுவில் தோளோடு தோள் உரசி நிற்கும். ஓரத்தில் செய்த மரக்காலையே நடுவிலும் வைத்தால் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடும். அடர்த்தி மாறும் இடத்தில் எல்லாம் நின்று, புதிதாகப் பத்தை எண்ணி, அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். தொலைவும் அதே வேலையைச் செய்யும். வரப்பின் உயரம் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம், அங்கிருந்து பார்க்கையில் பின்வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். முன்வரிசையில் பத்துப் பறவை அடைக்கும் இடத்தில் பின்னால் இருபது இருக்கலாம். இதனாலும், பெரிய பறவைகளுக்குப் பின்னால் கொசு உள்ளான்கள் மறைந்துவிடுவதாலும், புதியவர்களின் மதிப்பீடு கூடுவதைவிடக் குறைவதே வழக்கம். காவல் கோபுரம் இருந்தால் ஏறிவிடுங்கள். நாலைந்து மீட்டர் உயரம் கூடினாலே பின்வரிசை பிரிந்து தெரியும்.

ஒரு முனையிலிருந்து எண்ணி முடித்ததும், மறுமுனையிலிருந்து திரும்ப எண்ணுங்கள். 2,300, 2,100 என்று வந்தால் 2,200 என்று போடலாம். 2,300, 1,500 என்று வந்தால் சராசரி எடுத்துத் தப்பிக்கக் கூடாது, ஏதோ ஒரு மரக்கால் தவறு. மூன்றாம் முறை எண்ண வேண்டும். இருவர் இருந்தால் தனித்தனியே எண்ணி, எழுதிய பிறகே வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் ஒருவர் ‘ரெண்டாயிரம் இருக்குமா அண்ணே?’ என்று கேட்டுவிட்டால், அண்ணனின் கண்ணுக்கும் ரெண்டாயிரம்தான் தெரியும்.

எந்த உறுப்பைப் பார்த்து எண்ணுவது என்பதும் ஒரு பழக்கம். பூநாரைகளின் தலை பாதி நேரம் தண்ணீருக்குள் இருக்கும், மீதி நேரம் முதுகில் செருகியிருக்கும். காலை எண்ணி இரண்டால் வகுக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், அது ஒற்றைக் காலில் நின்று அதையும் கெடுக்கும். உடலை மட்டும் எண்ணுங்கள். உறங்கும் ஊசிவால் வாத்துகளும் அப்படித்தான், ஒரு மேடு ஒரு வாத்து.

பறக்கும் கூட்டத்தை எண்ண நேர்ந்தால் அது வேறு தொல்லை. அதற்கு நீளம், உயரம் மட்டுமில்லை, ஆழமும் உண்டு. உள்ளான் கூட்டம் திரும்பும்போது ஒரு கணம் எல்லாம் வெள்ளையாக மின்னும், மறுகணம் கறுத்துக் கடலோடு கலந்துவிடும். மின்னும் கணத்தில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிதாக்கிப் புள்ளி வைத்து எண்ணலாம். களத்தில் எழுதிய மதிப்பீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் கண் எத்தனை சதவீதம் ஏமாற்றுகிறது என்பது சில வாரங்களில் பிடிபடும். கைபேசிப் படமே போதும், அழகான படம் தேவையில்லை. கூட்டம் மறுபடி இறங்கும்போல் இருந்தால், பொறுத்திருந்து இறங்கிய பின் எண்ணுவதே மேல்.

கலந்து நிற்கும் கூட்டம்

2,000, 3,000 என்று மொத்தம் வந்துவிட்டது. அதில் எது எத்தனை? ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே மரக்கால் வைத்துக்கொண்டிருந்தால் மதியம் ஆகிவிடும். சோறு பதம் பார்ப்பது போல, சில இடங்களில் மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மொத்தம் 3,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் ஐந்து இடங்களில் ஸ்கோப்பை நிறுத்தி, இடத்துக்கு 40 பறவை வீதம் இனம் பார்த்து எண்ணுகிறோம், ஆக 200. அதில் கொசு உள்ளான் 120, வளைமூக்கு உள்ளான் 60, உப்புக்கொத்தி 20. விகிதம் 60, 30, 10 சதவீதம். 3,000இல் அது 1,800, 900, 300.

இங்கே இரண்டு கண்ணிகள். சோற்றுப் பானையில் எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி வெந்திருக்கும், சதுப்பில் அப்படியில்லை. உப்புக்கொத்தி காய்ந்த மேட்டில் நிற்கும், கொசு உள்ளான் ஈரச்சேற்றில், வளைமூக்கு உள்ளான் தண்ணீருக்குள். ஐந்து இடத்தையும் நீரோரமாகவே எடுத்தால் உப்புக்கொத்தியே இல்லை என்று கணக்கு சொல்லும். எனவே மேட்டில் ஒன்று, ஈரத்தில் இரண்டு, நீரில் இரண்டு என்று குறுக்குவெட்டாக எடுங்கள். எந்தப் பகுதியில் கூட்டம் அதிகமோ அங்கே அதிகம் எடுக்க வேண்டும். இரண்டாவது, சிறுபான்மை இனங்களின் எண் மிகவும் ஆடும். 200இல் 20 என்று கிடைத்தது தற்செயலாக 12 ஆகவோ 28 ஆகவோ இருந்திருக்கலாம். அதை 3,000க்குப் பெருக்கினால் 180 முதல் 420 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம். கொசு உள்ளானின் 1,800க்கு இந்தத் தள்ளாட்டம் விகிதத்தில் மிகக் குறைவு. எனவே எண்ணிக்கையில் குறைந்த, கண்ணுக்குத் தனித்துத் தெரிகிற பறவைகளை விகிதத்தில் சேர்க்காதீர்கள். நாற்பது பவளக்காலி, பதினைந்து பச்சைக்காலி, ஆறு கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள பெரிய கரைப்பறவை) என்றால், அவற்றை முதலிலேயே தனியாக, ஒவ்வொன்றாக எண்ணி ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள சிறுசுகளுக்கு மட்டும் விகிதம் போடுங்கள்.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு தாம்பாளத்தில் ஒரு பிடி அரிசியை வீசிப் போட்டு, பத்து விநாடியில் மதிப்பிட்டு எழுதிவிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். முதல் நாள் பாதிதான் சொல்வீர்கள். ஒரு வாரத்தில் பத்துக்கு ஒன்று இரண்டு தப்பும் அளவுக்கு வந்துவிடும். அது கைவந்ததும் அரிசியோடு உளுந்தும் பாசிப்பயறும் கலந்து விகிதம் பழகுங்கள். தாம்பாளத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்து எண்ணினால், வரப்பிலிருந்து பார்ப்பதன் கஷ்டமும் புரியும்.

பூனைப்பருந்து வந்தால்

எண்ணிக்கொண்டே மேற்கே நடக்கிறோம். சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக மிதந்து வருகிறது, அல்லது பைரி ஒன்று மேலிருந்து பாய்கிறது. ஒரு கிலோமீட்டர் சதுப்பும் எழுந்துவிடும். இரட்டை எண்ணிக்கை நடப்பது இந்த இடத்தில்தான். இதற்கு ஒரு எளிய வழக்கம் உண்டு. எண்ணி முடித்த பின்பக்கத்திலிருந்து எழுந்து நமக்கு முன்னால் போய் இறங்கும் கூட்டத்தை மதிப்பிட்டு, நேரத்தோடு ‘கழிக்க’ என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முன்னே போகும்போது அவற்றை மறுபடி சந்திப்போம். இன்னும் எண்ணாத முன்பக்கத்திலிருந்து எழுந்து நம்மைத் தாண்டிப் பின்னால் போகும் கூட்டத்தை அப்போதே ‘கூட்ட’ என்று குறியுங்கள், அவற்றை இனிச் சந்திக்கப்போவதில்லை. எழுந்து, வட்டமடித்து, அதே திட்டில் இறங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். எது எங்கே போனது என்றே தெரியாத குழப்பமானால், பத்து நிமிடம் உட்கார்ந்து எல்லாம் அடங்கட்டும் என்று விட்டு, அந்தப் பகுதியை முதலிலிருந்து எண்ணுங்கள். குழப்பத்தில் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

கரையில் நின்று வரத்து எண்ணுவது

இது உட்கார்ந்த இடத்து வேலை. கடற்கரையில் ஓரிடம் பிடித்து, நம் கண்ணுக்கும் தொலைவில் உள்ள ஒரு கம்பத்துக்கும் அல்லது கலங்கரை விளக்கத்துக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அந்தக் கோட்டைத் தாண்டும் பறவை மட்டும் கணக்கு. தெற்கே போனால் ஒரு பத்தி, வடக்கே திரும்பினால் மறு பத்தி. கால் மணி நேரத்தில் தகைவிலான் தெற்கே 184, வடக்கே 31 என்றால், நிகர வரத்து 153. வடக்குப் பத்தியை விட்டுவிட்டுத் தெற்கே போனதை மட்டும் எண்ணுவது தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. கரையோரம் பூச்சி பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் சுற்றும் அதே ஐம்பது பறவைகள் ஒரு மணி நேரத்தில் ஐந்நூறாகிவிடும். ஆலாக்களும் கடற்காகங்களும் இரை தேடிப் போய்த் திரும்புவதையும் வலசை என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டு மணி நேரம் கண் இமைக்காமல் எண்ண முடியாது. அரை மணிக்குப் பத்து நிமிடம் எண்ணி, இருபது நிமிடம் ஓய்வெடுங்கள். ஆறரை முதல் எட்டரை வரை நான்கு முறை எண்ணியதில் நிகரமாக 42, 96, 71, 20 என்று வந்தால், கூட்டுத்தொகை 229. அரை மணியில் மூன்றில் ஒரு பங்கு எண்ணியதால் மூன்றால் பெருக்கினால் 687. எழுதும்போது ‘சுமார் 690, பெருக்கிய கணக்கு’ என்று எழுத வேண்டும். பறவைகள் அலை அலையாக வரும் நாளில் இது நன்றாகவே ஏமாற்றும். ஓய்வெடுக்கும் இருபது நிமிடத்தில்தான் நீலவால் பஞ்சுருட்டான் கூட்டம் முழுவதும் போகும். அதற்காக ஓய்வு நேரத்தில் பார்த்ததைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பெருக்கவும் கூடாது, தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் தகைவிலான் அலையை உரசிக்கொண்டு தாழ்வாகப் பறக்கும், ஒன்று விடாமல் தெரியும். பின்காற்று கிடைத்தால் உயர ஏறிவிடும், பாதிக்கு மேல் கண்ணுக்குத் தப்பும். எண் குறைந்த நாள், உண்மையில் அதிகம் போன நாளாகவும் இருக்கலாம். இரவில் போகிறவை இந்தக் கணக்கில் வரவே வராது. ஆறுமணிக்குருவி இரவுப் பயணி, காலையில் கோடியக்காட்டுப் புதருக்குள் குரல் கேட்டால்தான் வந்ததே தெரியும்.

எழுதுவது

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், எத்தனை பேர், காற்று, நீர் நிலை, மழை. இவை பக்கத்தின் மேலே. கீழே இனம், எண், அந்த எண் வந்த வழி. வழிக்கு ஓரெழுத்து போதும்: எண்ணியது ‘எ’, மரக்கால் வைத்தது ‘ம’, விகிதம் ‘வி’. இந்த ஓரெழுத்துதான் பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்குக் கைகொடுக்கும். அந்தக் காலத்தில் லட்சம் லட்சமாக வந்ததே என்று பேசுவோம். அந்த லட்சம் எப்படி வந்தது, எவ்வளவு தூரம் நடந்து எத்தனை பேர் எண்ணியது என்று தெரிந்தால்தான் இன்றைய எண்ணைப் பக்கத்தில் வைக்க முடியும். எப்போதும் பத்து சதவீதம் குறைத்தே எண்ணுகிற ஒருவர், இருபது ஆண்டு ஒரே மாதிரி எண்ணினால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றி எண்ணுபவரின் துல்லியத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மரக்கால் கணக்கில் 3,127 என்று எழுதாதீர்கள். அந்த 27ஐ யாரும் பார்க்கவில்லை. 3,100 என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்காத பறவைக்குப் பூச்சியம் போடுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டத்தைப் பார்த்து, இல்லையா அல்லது பார்க்கவே இல்லையா என்று சொல்ல முடியாது. பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றுவதானால் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ குறி இட வசதி உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள், தோராயமான எண் அதைவிட எவ்வளவோ மேல். 30 மீட்டருக்குள் ஓரிடத்தில் நின்று எண்ணியது ‘நிலையான’ பட்டியல், நடந்து எண்ணியது ‘பயண’ப் பட்டியல். நடந்தால் கிலோமீட்டருக்கு ஒரு பட்டியலாகப் பிரித்துக்கொண்டால் எது எங்கே இருந்தது என்பது பின்னால் தெரியும்.

இன்னொன்று, பறவையின் காலைப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுகிறது. சில பறவைகளுக்கு வண்ணக் கொடியும் இருக்கும். அணையில் கலந்த சாயம் மாதிரி, இருப்பது நேற்றைய பறவையா புதிதாக வந்ததா என்று சொல்லக் கூடியது அது ஒன்றுதான். கொடி தெரிந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, எந்தக் கால், முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், அதில் என்ன எழுத்து என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள். வலது இடது என்பது பறவையின் வலது இடது; அது நம்மைப் பார்த்து நிற்கும்போது மாறிப்போகும். எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தெரியாத எழுத்தின் இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.